கடிதத்துக்குக் கிடைத்த குடியுரிமை

நேயர்களுக்கு வணக்கம். உலகக் குடிமகன் என்றால் யார் என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த முதல் உலகக் குடிமகன் மனிதர் இல்லை, கடிதம்தான். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

தெருமுனைச் சிவப்புப் பெட்டியில் நீங்கள் போடும் கடிதம் நைரோபிக்கும் போகிறது, லண்டனுக்கும் போகிறது. ஒட்டுவது நம் நாட்டுத் தபால்தலை மட்டும்தான். முன்பெல்லாம் அப்படி இல்லை. எந்த வழியாகப் போகிறது, எந்த நாட்டோடு என்ன ஒப்பந்தம் என்று பார்த்துப் பார்த்துக் கட்டணம் மாறும். 1874 அக்டோபர் 9 அன்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 22 நாடுகள் ஒப்பந்தம் போட்டன. முன்னின்றவர் ஜெர்மானியத் தபால் துறைத் தலைவர் ஹைன்ரிக் ஃபொன் ஸ்டீபன். கடிதத்தைப் பொறுத்தவரை நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே நிலப்பரப்பு என்று எழுதிக்கொண்டார்கள். அதுதான் இன்றைய உலகத் தபால் ஒன்றியம். இந்தியா அதில் 1876-ல் சேர்ந்தது. இன்று 192 நாடுகள்.

அதில் எனக்குப் பிடித்தது பணக்கணக்கு. தபால்தலை விற்ற காசை விற்ற நாடே வைத்துக்கொள்ளும். நடுவில் சுமந்த நாட்டுக்குக் கொஞ்சம் கூலி உண்டு. வீடு தேடிக் கொடுக்கிற நாட்டுக்கு ஒன்றும் கிடையாது! கடிதம் போனால் பதில் வரும், அப்போது அங்கேயும் தலை விற்கும் என்ற நம்பிக்கைதான். மொய் நோட்டு இல்லாத மொய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட நூறு வருடம் இப்படியே ஓடியது. ஒன்றியத்தின் 1969 டோக்கியோ மாநாட்டில்தான், அனுப்புவதைவிட வந்து சேரும் கடிதம் அதிகமான நாட்டுக்கு ஈடு கொடுக்கலாம் என்று நோட்டைத் திறந்தார்கள்.

பள்ளி நாட்களில் எனக்குச் சிற்றலையில் தூர நாட்டு வானொலி கேட்கும் பைத்தியம். வானொலிக்கு வந்துவிட்டு இதைச் சொல்லாமல் போக முடியுமா? ஈக்குவடோரின் கீட்டோ நகரத்து நிலையம் ஒருநாள் கரகரப்போடு கிடைத்தது. இன்ன நேரத்தில் இன்னது கேட்டேன் என்று எழுதினால் அழகான அட்டை அனுப்புவார்கள். ஆனால் பதிலுக்குத் தபால் செலவு நாம்தான் தர வேண்டும், நம் தபால்தலை அங்கே செல்லாது. அதற்கென்றே 1906 ரோம் மாநாட்டில் ஒரு கூப்பன் முடிவானது. அந்த ஊர் தபாலாபீசில் கொடுத்தால் தலை தருவார்கள். இதே கூப்பனைக் காட்டித்தான் 1920-ல் பாஸ்டனில் சார்லஸ் போன்சி என்ற மோசடிக்காரர் ஊரையே ஏமாற்றினார், அது வேறு கதை. எங்கள் ஊர் தபாலாபீசில் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. மாவட்டத் தலைநகருக்குப் பஸ் ஏறிப் போய் வாங்கினேன்.

இரண்டரை மாதம் கழித்து அட்டை வந்தது. தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, "தம்பி, இது எந்த ஊருப்பா?" என்றார். உலகப் படத்தை விரித்துக் காட்டினேன். விரலால் கடலைத் தாண்டித் தாண்டிப் பார்த்தவர், "அங்க இருக்கிறவனுக்கு நம்ம பிள்ளையார் கோயில் தெரு எப்படிடா தெரிஞ்சுது?" என்றார்.

தெரிந்திருந்தது இவருக்குத்தான். இவரைப் போல ஒருவர் இங்கே இருப்பார் என்று நம்பித்தானே கீட்டோக்காரர் பெட்டியில் போட்டார்? உலகக் குடிமகன் என்றதும் நான் நினைப்பது இந்த சைக்கிளைத்தான். உலகத்தையே நேசிக்கிறேன் என்று சொல்வது சுலபம், முகம் தெரியாதவன் கடிதத்தை வெயிலில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமே! போர்க் கைதிகளின் கடிதத்துக்கும் பார்வையற்றோருக்கான பிரெய்ல் நூல்களுக்கும் தபால் கட்டணமே கிடையாது, தெரியுமா உங்களுக்கு?

அப்புறம் காரி டேவிஸ் பற்றிச் சொல்ல வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சரி, சுருக்கமாக. அமெரிக்கக் குண்டுவீச்சு விமானி. அண்ணனைப் போரில் இழந்தவர். 1948-ல் பாரிசில் தன் குடியுரிமையைத் திருப்பிக் கொடுத்து, நான் உலகக் குடிமகன் என்றார். பிறகு தானே உலகப் பாஸ்போர்ட் அச்சடித்தார். எல்லைகளில் தடுத்தார்கள், பலமுறை சிறையில் போட்டார்கள். ஆனால் அவர் பெயருக்கு வந்த கடிதங்கள் மூட்டை மூட்டையாக... நேரம் முடிந்துவிட்டதாம். இன்னொரு நாள் கூப்பிட்டால் அவரைப் பற்றி மட்டும் பேசுகிறேன். வணக்கம்.