அம்மாவின் உடம்பு தடுப்பூசியைத் தாங்குமா?

மதுரையிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்கும் கேள்வியை முதலில் வாசித்துவிடுகிறேன். “என் அம்மாவுக்கு 67 வயது. பதினாறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தோம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.8 இருக்கிறது. ஃப்ளூ தடுப்பூசியும் நிமோனியா தடுப்பூசியும் போட்டுக்கொள்ளும்படி மருத்துவர் சொல்கிறார். ஊசி போட்ட மறுநாளே நடிகர் விவேக்குக்கு மாரடைப்பு வந்ததை நினைத்து அம்மா அஞ்சுகிறார். இத்தனை நோய் உள்ள உடம்பு இதைத் தாங்குமா, ஐயா?”

அம்மாவின் அச்சத்தை நான் அறியாமை என்று தள்ளிவிட மாட்டேன். 2021 ஏப்ரல் 15 அன்று விவேக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார், மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி மறைந்தார். அந்த வாரம் என்னிடம் வந்த நோயாளிகளில் கணிசமானோர் பேசியது இதைப் பற்றித்தான். பக்கவிளைவுகளை ஆராயும் மத்திய அரசின் குழு பின்னர் அந்த இறப்பைப் பரிசீலித்து, மாரடைப்புக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை, இரண்டும் அடுத்தடுத்து நேர்ந்தவை என்று முடிவு சொன்னது. அந்த முடிவு, முதலில் வந்த செய்தி போன அளவுக்கு வீடுகளுக்குள் போகவில்லை.

45 வயதைக் கடந்த அனைவருக்கும் அந்த ஏப்ரலில் தடுப்பூசி திறந்துவிடப்பட்டிருந்தது. தடுப்பூசியே இல்லாத காலத்திலும் அந்த வயதினருக்கு நாள்தோறும் மாரடைப்பு வந்துகொண்டுதான் இருந்தது. ஆகவே, இலட்சக்கணக்கானோர் ஊசி போட்டுக்கொள்ளும்போது, சிலருக்கு அது ஊசிக்கு மறுநாளில் வந்து விழுவதைத் தவிர்க்க முடியாது. காரணம் ஊசிதானா என்று அறிய வேண்டுமானால், ஊசிக்குப் பிந்தைய நாட்களில் அந்த நோய் வழக்கத்தைவிடக் கூடுதலாக வருகிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அப்படி எண்ணியதால்தான் கோவிஷீல்டு வகைத் தடுப்பூசியால் மிக அரிதாக ரத்தம் உறையும் சிக்கல் நேரிடுவது வெளியே தெரிந்தது. இந்தியாவில் 2021 மே மாதம் வெளியிட்ட கணக்குப்படி, பத்து இலட்சம் டோஸுக்கு 0.61 என்ற அளவில் அப்படிப்பட்ட சிக்கல்கள் பதிவாகியிருந்தன. ஆகவே தடுப்பூசிக்குப் பக்கவிளைவே கிடையாது என்று நான் சொல்லவில்லை, எந்த மருத்துவரும் சொல்லக்கூடாது.

இப்போது உங்கள் அம்மாவுக்குச் சொல்லப்பட்டிருப்பவை வேறு ஊசிகள். கையில் போடும் ஃப்ளூ தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் இல்லை, அதனால் அது ஃப்ளூவை உண்டாக்க முடியாது. ஓரிரு நாள் கைவலி, உடல்வலி, இலேசான காய்ச்சல் வரலாம். சிலருக்குச் சர்க்கரை அளவு சற்று ஏறி இறங்கலாம். இதயத்தைப் பற்றிய கவலைக்கு நேரடியான பதிலே இருக்கிறது. ஃப்ளூ உறுதியானவர்களுக்கு அடுத்த ஏழு நாட்களில் மாரடைப்பு வாய்ப்பு ஏறக்குறைய ஆறு மடங்காகிறது என்று கனடாவின் ஒண்டாரியோவில் நடந்த ஆய்வு 2018இல் காட்டியது. 2021இல் வெளியான மற்றோர் ஆய்வில், பெரும்பாலும் மாரடைப்புக்காக மருத்துவமனையில் சேர்ந்திருந்த 2,500க்கும் மேற்பட்டோரில் ஒரு பாதியினருக்கு அங்கேயே ஃப்ளூ ஊசியும் மறுபாதியினருக்கு வெறும் உப்புநீர் ஊசியும் போட்டார்கள். ஓராண்டில் இறப்பு, மீண்டும் மாரடைப்பு, ஸ்டென்ட் அடைப்பு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள் ஊசி போட்டவர்களில் 5.3 விழுக்காடு, போடாதவர்களில் 7.2 விழுக்காடு. மாரடைப்பு வந்த சூட்டிலேயே போட்ட ஊசியின் கணக்கு இது. உங்கள் அம்மாவுக்கோ இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன.

“உடம்பு தாங்குமா” என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நாட்பட்ட நோயாளிகளைப் பொறுத்தவரை எனக்கு அதிகம் எழும் கேள்வி, ஊசியின் பலன் உடம்பில் பிடிக்குமா என்பது. சிறுநீரகம் செயலிழந்தவர்களின் எதிர்ப்பாற்றல் மந்தமாக இருப்பதால், டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு ஹெபடைடிஸ் பி ஊசியை வழக்கமான அளவைப்போல் இரு மடங்காகப் போட்டு, பிறகு ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உருவாகியிருக்கிறதா என்றும் சோதிக்கிறோம். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்கள், நோய் கட்டுக்குள் இருந்தால், ஃப்ளூ ஊசிக்குப் பின் இரண்டு வாரம் அந்த மாத்திரையை நிறுத்திவைக்கலாம் என்று சொல்வதும் பலன் குறையக்கூடாது என்பதற்காகவே. அதையும் மருத்துவர் சொன்னால்தான் செய்ய வேண்டும்.

உண்மையாகவே அஞ்ச வேண்டிய இடம் ஒன்று உண்டு: வீரியம் குறைத்த உயிருள்ள கிருமியைக் கொண்டு செய்யும் தடுப்பூசிகள். தட்டம்மை, சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிகளும், மூக்கில் தெளிக்கும் ஃப்ளூ மருந்தும் இந்த வகை. உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், கீமோதெரபியில் இருப்பவர்கள், நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை இரண்டு வாரமாகவோ அதைக் கடந்தோ எடுப்பவர்கள் ஆகியோருக்கு இவை கூடாது. உங்கள் அம்மா இந்தப் பட்டியலில் இல்லை. நிமோனியா ஊசியிலும் உயிருள்ள கிருமி கிடையாது.

ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் ஆஸ்பிரினையோ குளோபிடோக்ரெலையோ ஊசிக்காக ஒருநாள்கூட நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவர் தானாக மாத்திரையை நிறுத்துவதுதான் இந்தக் கதையிலேயே பெரிய ஆபத்து. மெல்லிய ஊசியால் போடச் சொல்லி, போட்ட இடத்தைத் தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். அன்று கடும் காய்ச்சலோ நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ இருந்தால் தள்ளிப்போடுங்கள். இதற்கு முன் ஏதேனும் தடுப்பூசிக்குக் கடும் ஒவ்வாமை வந்திருந்தாலோ, ஃப்ளூ ஊசிக்குப் பின் ஆறு வாரத்துக்குள் கைகால் செயலிழந்திருந்தாலோ மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஊசிக்குப் பின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள். உடம்பு வலித்தால் பாராசிட்டமால் தரலாம், கிரியாட்டினின் 1.8 இருப்பவருக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கித் தரவே கூடாது.

இரண்டு ஊசிகளையும் ஒரே நாளில், ஒவ்வொரு கையில் ஒன்றாகப் போடலாம். அம்மாவுக்கு ஒரே நேரத்தில் இரண்டு என்பது கலக்கமாக இருந்தால் சில நாள் இடைவெளி விடுவதில் தவறில்லை. ஃப்ளூ ஊசியை ஆண்டுதோறும் போட வேண்டும்; நிமோனியா ஊசி அப்படியல்ல, எந்த வகை போட்டார்கள் என்பதைப் பொறுத்து இன்னொன்று தேவைப்படலாம், அதனால் ஊசியின் பெயரும் தேதியும் எழுதிய சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். எதிர்ப்பாற்றல் உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும் என்பதால், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்கு முன், செப்டம்பரிலேயே அழைத்துப் போய்விடுங்கள்.