மைச்சொட்டை ஊதினால் ஒரு நியூரான்

வணக்கம் நண்பர்களே. விரலெல்லாம் மை. வகுப்பு முடிந்ததும் கையைக்கூடக் கழுவாமல் கேமரா முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டேன். மனசு நிறைந்திருக்கும்போதே பேசிவிட வேண்டும் என்று தோன்றியது.

புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாங்கள் ஒரு சின்னத் தன்னார்வலர் குழு. பாதிப் பேர் படம் வரைகிறவர்கள், மீதிப் பேர் நரம்பியல் படித்தவர்கள் அல்லது படித்துக்கொண்டிருப்பவர்கள். நான் வரைகிற பாதியைச் சேர்ந்தவள். அக்கம்பக்கத்து மக்களோடு உட்கார்ந்து மூளையைப் பற்றிப் பேசுகிறோம், பேசுவதைவிட அதிகமாக வரைகிறோம். கட்டணம் இல்லை, தேர்வும் இல்லை.

சரி, இந்த மைக்கு வருகிறேன். தாளில் தண்ணீர் கலந்த மை ஒரு சொட்டு விடுகிறோம். ஸ்ட்ராவை அதன் பக்கத்தில் வைத்து ஊதினால் மை கிளை கிளையாக ஓடும். ஒரு பக்கம் மட்டும் நீளமாக ஒரு வால் இழுத்துவிடுகிறோம். இதோ பாருங்கள், நடுவில் இருப்பது செல்லின் உடல். சுற்றிலும் இருக்கும் கிளைகள் செய்தியை வாங்குகின்றன. இந்த நீள வால், அதாவது ஆக்ஸான், செய்தியை அடுத்த செல்லுக்கு அனுப்புகிறது. ஒரு நியூரான் (நரம்புச் செல்) தயார். நம் தலைக்குள் இப்படி ஏறக்குறைய 8,600 கோடி இருக்கின்றன.

பார்க்கிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான், ‘மரம் மாதிரி இருக்கிறதே!’ உடனே நான் சந்தியாகோ ரமோன் இ காஹாலின் கதையை ஆரம்பித்துவிடுவேன். ஸ்பெயினில் 1852இல் பிறந்தவர். ஓவியனாக வேண்டும் என்பது சிறுவயது ஆசை. அப்பா மருத்துவர், பையனையும் மருத்துவம் படிக்க வைத்தார். ஆனால் பென்சில் அவர் கையை விட்டுப் போகவே இல்லை.

அதற்குள் இத்தாலியில் கமீலோ கோல்ஜி 1873இல் ஒரு சாயமுறையைக் கண்டுபிடித்திருந்தார். ரசாயனத்தில் பதப்படுத்திய மூளைத் துண்டை சில்வர் நைட்ரேட்டில் ஊற வைத்தால் சில செல்கள் மட்டும் முழுக்கக் கறுப்பாகும், மற்றவை நிறம் ஏறாமல் நிற்கும். அந்தச் ‘சில மட்டும்’ என்பதில்தான் விஷயமே இருக்கிறது. எல்லாமே கறுத்திருந்தால் கறுப்புச் சேற்றைத்தான் பார்த்திருப்போம். அடர்ந்த காட்டில் நாலைந்து மரங்களுக்கு மட்டும் வேரிலிருந்து நுனி வரை வண்ணம் பூசியது போல நினைத்துக்கொள்ளுங்கள்.

காஹால் 1887இல் அந்தச் சாயத்தைப் பார்த்தார். அப்புறம் வாழ்நாள் முழுக்க வரைந்துகொண்டே இருந்தார். மூளை முழுவதும் ஒரே தொடர்ச்சியான வலை என்று கோல்ஜி நம்பினார். ஒவ்வொரு கிளையும் எங்கே முடிகிறது என்று கோடு கோடாக வரைந்த காஹாலோ, ஒவ்வொன்றும் தனித்தனி செல் என்றார். இருவருக்கும் சேர்த்து 1906இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்தப் பரிசு உரையிலும் கோல்ஜி தன் பக்கமே நின்றார். செல்களுக்கு நடுவில் இருக்கும் நுண்ணிய இடைவெளியை 1950களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டியது. காஹால் சொன்னதுதான் சரி.

ஒரு கிளையை வரைய வேண்டுமென்றால் அது எங்கே முடிகிறது என்று நீங்கள் முடிவெடுத்தே ஆக வேண்டும். சும்மா பார்க்கும்போது அந்தக் கட்டாயம் கிடையாது. அதனால்தான் எங்கள் வகுப்பில் யாராவது ‘எனக்கு வரைய வராது’ என்று சொன்னால், அழகாக வர வேண்டாம், எங்கே முடிகிறது என்று மட்டும் காட்டுங்கள் என்கிறேன்.

இன்றைக்கு எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த பயிற்சி. ஒரு பேப்பர் கிளிப்பை விரித்து, இரண்டு முனைகள் இருக்கும்படி வளைத்துக்கொள்கிறோம். ஒருவர் கண்ணை மூடிக்கொள்ள, இன்னொருவர் தோலில் மெதுவாகத் தொடுகிறார். ஒன்றா, இரண்டா? விரல் நுனியில் முனைகளுக்கு இடையே 2, 3 மில்லிமீட்டர் இருந்தாலே இரண்டு என்று சொல்லிவிடுகிறார்கள். முதுகிலோ ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் விலக்கினால்தான் தெரிகிறது. அதற்குக் குறைந்தால் ‘ஒன்றுதான்’ என்று அடித்துச் சொல்வார்கள்.

இந்த அளவுகளைக் குறித்துக்கொண்டு, அவரவர் உடம்பைக் களிமண்ணில் செய்யச் சொல்கிறோம். எங்கே நுட்பமாக உணர்ந்தீர்களோ அந்த உறுப்பு பெரிதாக இருக்க வேண்டும், எங்கே மந்தமோ அது சிறிதாக. முறம் போன்ற கைகளும் தடித்த உதடுகளும் குச்சி முதுகுமாக ஒரு ஆள் எழுந்து நிற்கிறார். அதற்குப் பிறகுதான் வைல்டர் பென்ஃபீல்டைப் பற்றிப் பேசுகிறோம். வலிப்பு நோய்க்கான அறுவை சிகிச்சையின்போது, விழித்திருக்கும் நோயாளியின் மூளைப் பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டு, உடம்பில் எங்கே உணர்கிறீர்கள் என்று கேட்டுக் கேட்டு வரைபடம் போட்டவர் அவர். மூளைத் திசுவுக்கு வலி தெரியாது என்பதால் அது முடிந்தது. மூளைப் பரப்பில் எந்த உறுப்புக்கு அதிக இடமோ அதைப் பெரிதாகக் காட்டி, 1937இல் அவரும் எட்வின் போல்ட்ரேயும் வெளியிட்ட படத்தில் இருப்பதும் அதே பெரிய கை, பெரிய உதட்டு மனிதர்தான். தங்கள் களிமண் பொம்மையையும் அந்தப் படத்தையும் மாறி மாறிப் பார்க்கும்போது அவர்கள் முகங்களைப் பார்க்க வேண்டுமே!

இன்று பார்வையற்ற ஒரு அண்ணன் வந்திருந்தார். பிரெயில் படிக்கிறவர். ஆள்காட்டி விரலை மட்டும் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாகச் செய்தார். ‘நான் படிப்பது இதால்தானே’ என்றார். பிரெயில் புள்ளிகளுக்கு நடுவே இருப்பது ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர், கிட்டத்தட்ட விரல் நுனியின் எல்லையேதான். நான் அதுவரை இந்த இரண்டு எண்களையும் சேர்த்து யோசித்ததே இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தொடங்கிய புதிதில் நாங்கள் ஒரு போஸ்டர் செய்தோம். மூளையின் இடது பாதியில் எண்கள், வலது பாதியில் பூக்களும் வண்ணங்களும். இடது பக்கம் தர்க்கம், வலது பக்கம் கலை. வரைந்தது நான், பார்க்க அத்தனை அழகாக இருந்தது. அதன் முன்னால் ஒரு அம்மா வெகுநேரம் நின்றார். கணவருக்கு இடது மூளையில் பக்கவாதம் வந்து பேச்சு போயிருந்தது. ‘அப்படியென்றால் அவர் இனிமேல் நன்றாகப் படம் வரைவாரா?’ என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்த நம்பிக்கையை என்னால் மறக்க முடியாது.

பெரும்பாலானோருக்கு மொழி இடது பக்கத்தை அதிகம் சார்ந்தது என்பது உண்மை. இரு பாதிகளையும் இணைக்கும் கற்றை வெட்டப்பட்டவர்களை ஆராய்ந்து, பாதிகளுக்கிடையே வேலைப்பிரிவு இருப்பதைக் காட்டிய ரோஜர் ஸ்பெர்ரிக்கு 1981இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் ஒருவர் வரையும்போது, கோணம் பார்ப்பது, கையை நகர்த்துவது, அடுத்து என்ன என்று திட்டமிடுவது என்று இரண்டு பாதிகளும் வேலை செய்கின்றன. கலைக்கு ஒரு பாதி என்று எதுவும் இல்லை. அதை அந்த அம்மாவிடம் எங்கள் நரம்பியல் தோழி பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். போஸ்டரை நான் அன்றே கழற்றிவிட்டேன்.

2016இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு வெளியானது. ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதியவர்களைவிட, அதையே படமாக வரைந்தவர்களுக்கு அது அதிகம் நினைவில் நின்றது. எங்கள் வேலைக்கு இது நல்ல செய்தி, அதே சமயம் பயமும் தருகிறது. சரியானது ஒட்டிக்கொள்வது போலவே தவறானதும் ஒட்டிக்கொள்ளுமே. அதனால் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: எந்தப் படம் சுவருக்குப் போனாலும், நரம்பியல் தெரிந்த ஒருவர் அதன் ஒவ்வொரு கோட்டையும் பார்த்து, ‘இது எங்கிருந்து வந்தது?’ என்று கேட்பார். பதில் இல்லாத கோட்டை அழித்துவிடுவோம்.

அடுத்த வகுப்பு கண்ணைப் பற்றி. நீங்கள் இப்போதே தொடங்கலாம். ஒரு வெள்ளைத் தாளில் இடது பக்கம் ஒரு கூட்டல் குறி, அதிலிருந்து 7 சென்டிமீட்டர் வலது பக்கம் ஒரு கறுப்புப் புள்ளி. இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பாருங்கள். தாளை மெதுவாக முகத்தருகே கொண்டு வாருங்கள். ஏறக்குறைய ஒரு அடி தூரத்தில் புள்ளி காணாமல் போகும். அப்போது புள்ளியின் பிம்பம் கண்ணுக்குள் விழுவது, பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில். ஒளியை உணரும் செல்கள் அங்கே கிடையாது. ஆனாலும் தாளில் ஓட்டை தெரியாது, வெறும் வெள்ளைத் தாள்தான் தெரியும்.

இப்போது அந்தப் புள்ளியின் வழியாக மேலிருந்து கீழாக ஒரு நீலக் கோடு இழுத்துவிட்டு மறுபடி செய்து பாருங்கள். புள்ளி மறைந்த இடத்தில் உங்களுக்கு என்ன தெரிகிறதோ, அதை அப்படியே வரைந்து எடுத்து வாருங்கள்.