மூன்றாவது வரிசை, ஏழாவது கூண்டு

நாமக்கல் பண்ணையாளர்களுக்கு வணக்கம்.

உங்கள் கோழி எவ்வளவு தின்கிறது என்று கேட்டால், யோசிக்காமல் நாளுக்குச் சுமார் 110 கிராம் என்பீர்கள். கொட்டிய தீவனத்தைக் கோழிகளின் எண்ணிக்கையால் வகுத்து வந்த கணக்கு அது. மூன்றாவது வரிசையில், ஏழாவது கூண்டில் நிற்கும் அந்த ஒரு கோழி எவ்வளவு தின்றது? நம்மில் யாருக்கும் தெரியாது. அந்தக் கோழியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

உடம்பு பெரிதாக இருந்தால் கூடுதலாகத் தின்னும். முட்டை கூடினாலும் அப்படியே. அதெல்லாம் நியாயமான செலவு. அந்தச் செலவைக் கழித்தபின் ஒரு மிச்சம் நிற்கும். ஒரே எடை, ஒரே முட்டை, ஆனால் ஒன்று கூடுதலாகத் தின்கிறது. இந்த மிச்சம் தாயிடமிருந்தும் சேவலிடமிருந்தும் குஞ்சுக்கு இறங்கும் குணம்.

பிரான்சின் தேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1976-இல் ரோட் ஐலண்ட் ரெட் கோழிகளை இரண்டு வழியாகப் பிரித்தார்கள். மிச்சம் அதிகமுள்ளவை ஒரு பக்கம், குறைந்தவை மறுபக்கம். தலைமுறை தலைமுறையாக அப்படியே தேர்ந்தெடுத்துப் பெருக்கினார்கள். உடல் எடையில் பெரிய வித்தியாசம் இல்லை; தீவனத்தில் மட்டும் இடைவெளி அகன்றுகொண்டே போனது. தின்றதெல்லாம் எங்கே போயிற்று? பெரும்பகுதி சூடாக வெளியேறியது. அதிகம் தின்ற கூட்டத்தின் உடம்பு தீனிக்குப் பிறகு அதிக வெப்பத்தை உண்டாக்கியது. கொழுப்பும் குறைவாகவே சேர்ந்தது. தாடிகூட நீண்டு தொங்கியது! தாடியும் கொண்டையும் கோழி உடம்பின் சூட்டை வெளியே விடும் உறுப்புகள் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

இறகையும் பாருங்கள். கழுத்தும் நெஞ்சும் உதிர்ந்து நிற்கும் கோழி இழந்த சூட்டைத் தீவனத்தால்தான் ஈடுகட்டும். பக்கத்துக் கோழி கொத்திப் பிடுங்கியிருந்தாலும் செலவு இதன் கணக்கில்தான் விழும். அதனால் பாவம், அதைத் தீனிப்பண்டாரம் என்று அவசரப்பட்டுக் கழித்துவிடாதீர்கள்.

ஒரு லட்சம் கோழியுள்ள பண்ணையில் தலைக்கு 5 கிராம் தீவனம் குறைந்தால் நாளுக்கு 500 கிலோ குறையும். செலவில் பெரும்பங்கு தீவனம்தான் என்பதை உங்களிடம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மிச்சம் குறைந்த கோழியை மட்டும் தேடி ஓடாதீர்கள். முட்டை ஓடு, இறகு, வெயிலைத் தாங்கும் திராணி, எல்லாவற்றையும் சேர்த்தே குஞ்சு கொடுப்பவரிடம் கேளுங்கள்.

வீட்டுக்குப் போனதும் ஒன்று செய்யுங்கள். ஒற்றைக் கோழி நிற்கும் இருபது கூண்டுகளைத் தேர்ந்தெடுத்து, தீவனத் தொட்டியைக் கூண்டுக்குக் கூண்டு பலகையால் தடுத்துவிடுங்கள். போட்டதையும் மறுநாள் காலை மிஞ்சியதையும் நிறுத்து, முட்டை எடையோடு நாலு வாரம் நோட்டில் எழுதுங்கள். கோழியை முதல் நாளும் கடைசி நாளும் நிறுத்தால் போதும். நோட்டு நிரம்பியதும் கூப்பிடுங்கள், நானே வந்து உங்களோடு உட்கார்ந்து கணக்குப் போடுகிறேன்.