இரவு இரண்டு மணி ஜெபம்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இன்றைக்குப் பின்னணி இசை எதுவும் சேர்க்கவில்லை. கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்போல இருக்கிறது.

"ஜெபிக்க முழங்கால் போட்டால் வார்த்தையே வருவதில்லை, என்ன செய்ய?" என்று உங்களில் பலபேர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். அப்போதெல்லாம் "உட்காருங்கள், தானாக வரும்" என்று சொல்லிவிடுவேன். அது போதாத பதில் என்று அப்பா படுத்த பிறகுதான் தெரிந்தது.

அப்பாவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். ராத்திரியிலும் அப்படித்தான். பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு. அலாரம் அடித்ததும் எழுந்து, விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு, ஒரு கையைத் தோளுக்கும் மறு கையை இடுப்புக்கும் கொடுத்து மெல்லப் புரட்டுவேன். முதுகில் தலையணையை அண்டக் கொடுத்து, முழங்கால்களுக்கு நடுவே இன்னொன்றை வைப்பேன். முதுகு வியர்வையில் நனைந்திருக்கும். துடைத்துவிட்டு, தோல் எங்கேயாவது சிவந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன்.

அதற்கு முன்னால் காலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஜெபிக்கிற பழக்கம் எனக்கு இருந்தது. சரளமாக ஜெபிப்பேன். அந்த முதல் வாரத்திலேயே அது போய்விட்டது. உட்கார்ந்தால் தூக்கம்தான் வந்தது. ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு அவரைப் புரட்டும்போது, மூச்சை இழுத்துப் பிடித்த நேரத்தில் "ஆண்டவரே, இரங்கும்" என்று வாயில் வந்தது. அவ்வளவுதான். நான்கு மணிக்கும் அதுவே வந்தது.

ஆரம்பத்தில் இதை ஒரு ஜெபமாகவே நான் எண்ணவில்லை. பிறகு வேதத்தைப் புரட்டினேன். கடலில் அமிழ்ந்துபோகிறபோது பேதுரு கூப்பிட்டது, "ஆண்டவரே, என்னை இரட்சியும்". மூன்றே வார்த்தை. நெகேமியாவைப் பாருங்கள். உனக்கு என்ன வேண்டும் என்று ராஜா கேட்கிறான். அந்தக் கேள்விக்கும் இவர் சொல்லப்போகிற பதிலுக்கும் நடுவில் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபித்தேன் என்கிறார். ராஜாவைக் காக்க வைத்துவிட்டு எவ்வளவு நேரம் ஜெபித்திருக்க முடியும்? ஒரு மூச்சு நேரம் இருக்குமா?

அப்புறம் இன்னொன்று பிடிபட்டது. 119ஆம் சங்கீதத்தில் பாதிராத்திரியில் எழுந்து துதிப்பேன் என்றும், ஒருநாளில் ஏழுதரம் துதிக்கிறேன் என்றும் இருக்கிறது. 6ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் தன் துறவிகளுக்கு ஒழுங்கு எழுதியபோது, இந்த இரண்டு வசனங்களையும் வைத்துத்தான் பகலில் ஏழு வேளை, இரவில் ஒரு வேளை என்று ஜெப நேரங்களை வகுத்தார். அவர்களுக்கு மணி அடிக்கும். எனக்கு அப்பாவின் முதுகு. அப்படி நினைத்த ராத்திரியிலிருந்து அலாரச் சத்தத்தின்மேல் இருந்த எரிச்சல் குறைந்தது. முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், குறைந்தது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது.

மனப்பாட ஜெபம் எனக்கு முன்பெல்லாம் பிடிக்காது. பரமண்டல ஜெபத்தை ஆராதனை முடிவில் எல்லாரும் வேகவேகமாகச் சொல்லும்போது, இதில் இருதயம் எங்கே என்று நினைப்பேன். சொந்த வார்த்தையில் உருகுவதுதான் எனக்கு ஜெபம்.

மூன்றாவது வாரம் என்று ஞாபகம். அப்பாவால் என் பெயரைச் சொல்ல முடியவில்லை. 'தண்ணீர்' என்றுகூடச் சொல்ல வரவில்லை. உதடு கோணும், கண்ணில் நீர் கட்டும். சாயங்காலம் அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று ஆரம்பித்தார். "உம்முடைய நாமம்" என்று அம்மா இழுத்தபோது, "பரிசுத்தப்படுவதாக" என்று அப்பாவின் குரல் கேட்டது. குழறலாகத்தான். ஆனால் வார்த்தை முழுசாக வந்தது. அம்மா நிறுத்திவிட்டார். அவர் நிறுத்தவில்லை. அன்றன்றுள்ள ஆகாரம்வரைக்கும் அவராகவே போனார்.

பேச்சு போனவர்களுக்கும், ஆயிரம் தடவை சொல்லிப் பழகிய ஜெபமும் பாட்டும் சிலசமயம் மிஞ்சி நிற்கும் என்று டாக்டர் விளக்கினார். சரி, மூளையின் கணக்கு அது. எனக்கு அந்தச் சாயங்காலம் தோன்றியது வேறு. எழுபது வருஷமாக அவர் ஒன்றைச் சொல்லிச் சொல்லிச் சேர்த்து வைத்திருக்கிறார். மற்றதெல்லாம் கைவிட்ட இடத்தில் அது அவரைத் தூக்கிப் பிடிக்கிறது.

இயேசுவும் சிலுவையில் என்ன சொன்னார்? "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்". அது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. "உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்பது 31ஆம் சங்கீதம். உயிர் போகிற வலியில் அவர் வாயில் வந்ததும் முன்னோர் சொல்லிவந்த ஜெபம்தான். இதை எத்தனை பெரிய வெள்ளியில் கேட்டிருக்கிறேன்! ஒருதடவைகூட உறைக்கவில்லை.

அதனால் இப்போது என்னிடம் கேட்டால் இப்படிச் சொல்வேன். வார்த்தை வராத நாளில் இரவல் வார்த்தையை எடுத்துக்கொள்ளுங்கள், தப்பே இல்லை. ஒரு சங்கீதத்தை மனப்பாடம் செய்து வையுங்கள். சந்தோஷமான சங்கீதமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. 88ஆம் சங்கீதம் கடைசி வரைக்கும் ஆறுதலுக்குத் திரும்பாமலே முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. எதுவுமே முடியாவிட்டால் பெருமூச்சு விடுங்கள். வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று பவுல் ரோமருக்கு எழுதியிருக்கிறாரே.

வேலைக்கு நடுவில் ஜெபம் வருமா என்று கேட்பவர்களுக்கு சகோதரர் லாரன்ஸைச் சொல்வேன். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஒரு கார்மேல் மடத்தில் சமையல்கட்டில் இருந்தவர். அந்த வேலை அவருக்குப் பிடித்த வேலையும் இல்லை. ஆனாலும் வேலை நேரமும் ஜெப நேரமும் எனக்கு ஒன்றுதான் என்றார்.

அப்பா போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. காலை ஜெபம் மெல்லத் திரும்பி வந்திருக்கிறது, முன்புபோல நீளமாக இல்லை. அலாரத்தை எப்போதோ நிறுத்திவிட்டேன். ஆனாலும் ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து போய்ப் புரட்டிவிட யாரும் இல்லை. "ஆண்டவரே, இரங்கும்" என்று சொல்லிவிட்டு நானே புரண்டு படுத்துக்கொள்கிறேன்.