பழைய வீட்டுச் சமையலறை: சுவரைத் திறந்து பார்த்துவிட்டுத் தொகை பேசுங்கள்

வணக்கம். பழைய வீட்டின் சமையலறையைப் புதுப்பிக்க எவ்வளவு ஆகும் என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான். சுவரைத் திறந்து பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால் உங்கள் கையில் இருக்கும் எஸ்டிமேட்டை ஓரமாக வைத்துவிடுங்கள். இன்றைய வீடியோவில் பளபளக்கும் அலமாரி எதுவும் வராது. உடைத்த காரையையும் துருப்பிடித்த குழாயையும்தான் காட்டப் போகிறேன்.

நான் நிற்பது வேலூர் கொசப்பேட்டையில், என் சித்தியின் வீடு. ஒன்றரை அடி கனச் சுவர், செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டியது. மேலே பாருங்கள், மெட்ராஸ் டெரஸ் தளம். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டிய கூரை. கீழே சிவப்பு ஆக்சைடு தரை. சித்தி தன் சேமிப்பிலிருந்து இந்த அறையைச் சரி செய்ய நினைக்கிறார். இரண்டு கடைக்காரர்கள் வந்து டேப் பிடித்து, அலமாரிக் கதவுகளின் பரப்பை அளந்து, சதுர அடிக்கு இவ்வளவு என்று பெருக்கித் தொகை சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது, கழிவுநீர் எங்கே போய் விழுகிறது என்று இருவருமே கேட்கவில்லை. பழைய வீட்டில் செலவை இழுத்துவிடுவது அந்த இரண்டும்தான்.

அதனால் ஒரு கொத்தனாரையும் சித்தாளையும் ஒரு நாள் கூலிக்கு அழைத்து, அங்கங்கே உள்ளங்கை அகலத்துக்குக் காரையைக் கொத்திப் பார்த்தோம். பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்குப் பின்னால், சுவிட்ச் போர்டுக்கு மேலே, வெளிச்சுவரில் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், கழிவுக்குழாய் வெளியேறும் மூலையில், கூரைக் கட்டை சுவருக்குள் நுழையும் இடத்தில். பெரிய தொகையைப் பேசி முடிக்கும் முன் இந்த ஒரு நாள் கூலியைக் கொடுக்கத் தயங்காதீர்கள்.

முதலில் குழாய். பழைய இரும்புக் குழாய். வெட்டி எடுத்த துண்டின் வாயைப் பாருங்கள். துருவும் உப்புப் படிவமும் சேர்ந்து உள்விட்டத்தை அடைத்திருக்கின்றன. தண்ணீர் மெதுவாக வருகிறது என்று சித்தி இத்தனை நாளும் மாடித் தொட்டியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். நம் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும், பாத்திரத்தில் வெள்ளை படிகிற தண்ணீர். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் கேட்கவே வேண்டாம். தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றுப் படுகை கெட்டது பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே வேலூரிலிருந்து போன ஒரு பொதுநல வழக்கில்தான். அந்த உப்பு உங்கள் சமையலறைக் குழாயிலும் வேலை காட்டும். இரும்பைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் குழாய்க்கு, வெந்நீருக்கு சிபிவிசி வகை, குளிர்ந்த நீருக்கு யுபிவிசி வகை என்று மாற்றிவிடுங்கள். சமையலறைக்கு மட்டும் தனியாக ஒரு மூடும் வால்வு வையுங்கள். குழாய்த் தலை வாங்கும்போது, வடிகட்டியைக் கழற்றிக் கழுவக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கும் செலவு மிச்சம்.

இனி இந்தச் சுவர். இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் வட ஆற்காட்டுப் பழைய வீடுகளில் அதிகமான பணம் வீணாவது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம். தரையிலிருந்து இரண்டு அடி வரை சுண்ணாம்பு பொரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது, தெரிகிறதா? மண்ணில் இருக்கும் ஈரத்தைச் செங்கல்லின் நுண்துளைகள் மேலே இழுக்கின்றன. ஈரம் சுவரின் முகத்தில் வந்து காய்கிறது, கொண்டுவந்த உப்பை அங்கேயே விட்டுவிடுகிறது. இதைப் பார்த்த உடனே பலரும் சொல்லும் மருந்து, சிமென்ட் பூசி மேலே டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்பது. செய்யாதீர்கள். சிமென்ட் பூச்சு ஈரத்தை வெளியே விடாது. வெளியேற வழி இல்லாத ஈரம் இன்னும் மேலே ஏறும். இன்று இரண்டு அடியில் நிற்கும் கறை டைல்ஸுக்கு மேலே போய்த் தலைகாட்டும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் வெளியே போய்ப் பாருங்கள். இந்த வீட்டில் காரணம் தெருவில் இருக்கிறது. சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது, வீடு தாழ்ந்துவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் சுவரோரம் நிற்கிறது. ஆகவே முதல் செலவு வெளிச்சுவர் ஓரத்து மண்ணை எடுத்து, தண்ணீர் ஓடுவதற்கு வாட்டம் கொடுப்பது. அதன் பிறகு, கறை தெரியும் இடத்துக்கு ஓர் அடி மேல் வரை பழைய காரையை உதிர்த்து, உப்பைத் தண்ணீர் படாமல் தூரிகையால் துடைத்து, சுவரைக் காய விட்டு, மறுபடி சுண்ணாம்புக் காரையே பூசச் சொல்லியிருக்கிறோம். சுண்ணாம்பு வேலை தெரிந்த மேஸ்திரி கிடைப்பது கடினம், கூலியும் கூடுதல். ஆனாலும் இந்த ஓர் இடத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். டைல்ஸ், சமையல் மேடைக்கு மேல் இரண்டு அடி வரை போதும், கூரை வரை வேண்டாம்.

தெரு உயர்ந்ததில் இன்னொரு தொல்லையும் உண்டு. கழிவுக்குழாய் வெளியேறும் வாய் தெருச் சாக்கடையின் மட்டத்துக்கு ஏறக்குறைய சமமாகிவிட்டது. புதுத் தொட்டியை எங்கே வைப்பது என்று படம் போட்டு மகிழும் முன், அங்கிருந்து வெளிவாய் வரை போதிய வாட்டம் கிடைக்குமா என்று மட்டக்குழாய் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சித்தி ஜன்னலுக்கு நேரே தொட்டி கேட்டார். வாட்டம் போதவில்லை. பழைய மூலையிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

கூரைக் கட்டைகள் நன்றாகவே இருக்கின்றன. சுவருக்குள் போகும் நுனியில்தான் கரையானும் ஈரமும் பிடிக்கும், அதனால்தான் அங்கே கொத்திப் பார்த்தோம். இந்தக் கூரையில் கனமான எதையும் தொங்கவிடக் கூடாது. மேல் அலமாரி சுவரில்தான் நிற்க வேண்டும், சுவர் பழைய சுண்ணாம்புக் கட்டு என்பதால் அலமாரியும் சிறியதாக, நீளமான ஆணியோடு இருக்க வேண்டும்.

மின்சாரம். இங்கே இருப்பது பழைய 5 ஆம்பியர் பிளக் பாயின்ட். ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட் என்றால் 230 வோல்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். கூடவே மிக்ஸி, கெட்டில், ஓவன். சமையலறைக்கு என்று தனிச் சுற்றுகள், 16 ஆம்பியர் பாயின்ட்களுக்குத் தடித்த செப்புக் கம்பி, நல்ல எர்த், 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் கசிந்தாலே துண்டித்துவிடும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடும் அறை இது. இதில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள், உங்கள் அம்மாவின் கை அது.

சித்திரை வைகாசியில் வேலூர்ச் சமையலறையில் நிற்பது எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. வெப்பம் வெளியே போக வேண்டும். கரித்துகள் வடிகட்டி வழியாகக் காற்றை அறைக்குள்ளேயே திருப்பி விடும் சிம்னி வாசனையைக் குறைக்கும், சூட்டைக் குறைக்காது. குழாய் வைத்து வெளியே விடுகிறதை வாங்குங்கள். பழைய வீட்டில் விறகடுப்புக் காலத்துப் புகைபோக்கித் துளை மூடிக் கிடக்கும், அதைத் திறந்தால் புதிதாகச் சுவரைத் துளைக்க வேண்டியதில்லை. எரிவாயு சிலிண்டரை மேடைக்கு அடியில் கதவு போட்டு மூடுகிறீர்கள் என்றால் தரையை ஒட்டிக் காற்றுத் துவாரம் கட்டாயம். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும்.

மேடை உயரத்துக்கு எல்லோரும் 34 அங்குலம் என்று சொல்லிவிடுகிறார்கள். சமைக்கிறவர் நின்று முழங்கையை மடக்கட்டும், முழங்கையிலிருந்து நான்கு முதல் ஆறு அங்குலம் கீழே இருந்தால் காய் நறுக்க வசதி. அடுப்புக்கு அதைவிடத் தாழ்வாக வேண்டும். நம் வீடுகளில் கேழ்வரகு களி கிண்டுகிறோம். துடுப்பை மேலிருந்து அழுத்திக் கிண்ட வேண்டும், அடுப்பின் மேல் பானை, பானைக்கு மேல் துடுப்பு என்று சேர்ந்தால் தோள் உயரம் வந்துவிடுகிறது. சித்தி உயரம் குறைவு. ஆகவே அடுப்பு வைக்கும் மூன்று அடி நீளத்தை மட்டும் நான்கு அங்குலம் தாழ்த்துகிறோம். கடைக்காரர் அழகு கெடும் என்றார். கெட்டால் கெடட்டும், தினமும் கிண்டப் போவது சித்தி.

இப்போது பணம். நூறு ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய தனி வீட்டுக்கு நான் பிரிக்கும் முறை இது. இருபது ரூபாயைத் தொடாமல் எடுத்து வைத்துவிடுவேன், சுவருக்குள் இன்னும் என்ன இருக்கிறதோ அதற்காக. முப்பது ரூபாய் இடிப்பது, இடிபாட்டை அகற்றுவது, குழாய், கம்பி, பூச்சு. இந்தத் தெருவுக்குள் டிராக்டர் வராது, மூட்டை கட்டி முனை வரை சுமக்க ஆள்கூலி தனி, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பதினைந்து ரூபாய் கல்லுக்கும் டைல்ஸுக்கும். இருபத்தைந்து அலமாரிக்கு. மீதிப் பத்து தொட்டி, குழாய்த் தலை, சிம்னிக்கு. தொகை போதாவிட்டால் அலமாரியைக் குறையுங்கள். கடப்பா கல் தட்டு போட்டுத் துணித்திரை கட்டி ஓராண்டு ஓட்டலாம், அடுத்த தீபாவளிக்குக் கதவு போட்டுக்கொள்ளலாம். உள்ளே போகும் குழாயையும் கம்பியையும் அப்படித் தள்ளிப்போட முடியாது. இந்தச் சிவப்புத் தரையில் விரிசல் இல்லை, அதனால் தரைக்குச் செலவே இல்லை.

காட்பாடி, காந்திநகர், சத்துவாச்சாரிப் பக்கம் பழைய அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். சுவர் மெல்லியது, இடிப்பு, குழாய், கம்பி, பூச்சு எல்லாம் இருபது ரூபாயில் முடியலாம், தொடாமல் எடுத்து வைப்பது பத்து போதும். ஆனால் தூணிலும் உத்திரத்திலும் உளி படக் கூடாது. தொட்டியை இடம் மாற்றினால் கழிவுக்குழாய் கீழ்வீட்டுக்காரரின் கூரைக்கு மேல் ஓடும், ஒழுகினால் அவர் வீட்டில் ஒழுகும். சங்கத்தில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், கீழ்வீட்டுக்காரரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். தண்ணீரை நிறுத்தும் நேரம், லிஃப்டில் மூட்டை ஏற்றலாமா, எல்லாவற்றையும் முன்னதாகப் பேசிக்கொள்வது நல்லது.

கொட்டேஷனை எப்படிப் படிப்பது? கிரானைட்டுக்குச் சதுர அடி விலை மட்டும் சொல்வார்கள். பன்னிரண்டு அடி நீளம், இரண்டு அடி அகலம் என்றால் 24 சதுர அடி. அதற்கு மேல் முன்விளிம்பு உருட்டுவதற்கு அடிக்கணக்கில் ஒரு தொகை, தொட்டிக்கும் அடுப்புக்கும் ஓட்டை போட ஒரு தொகை, ஏற்றி இறக்கும் கூலி. நான்கையும் எழுதி வாங்குங்கள். அலமாரியில் தொட்டிக்கு அடியில் வரும் பெட்டிக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள, ஈரம் தாங்கும் பிளைவுட் கேளுங்கள், முத்திரையைப் பலகையிலேயே பாருங்கள். கீலும், இழுப்பறை ஓடும் சேனலும் விலைக்குள் அடக்கமா, ஜிஎஸ்டி அடக்கமா என்று கேளுங்கள். அலமாரிக்குக் கடைசி அளவைப் பூச்சும் டைல்ஸும் முடிந்த பிறகுதான் எடுக்க விட வேண்டும். இந்த அறையின் மூலைகள் சரியான செங்கோணத்தில் இல்லை. ஒரு சுவரை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்தால் மூன்று அளவு வருகிறது. இப்போதே அளவு கொடுத்துத் தொழிற்சாலையில் அறுத்துக்கொண்டு வந்தால் பெட்டி உள்ளே நுழையாது.

காலம் பார்ப்பதும் பட்ஜெட்டில் சேரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுண்ணாம்புப் பூச்சு காயாது. வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அந்தப் பக்கத்து ஆட்கள் அந்த வாரம் வேலைக்கு வர மாட்டார்கள், வரச் சொல்வதும் முறையல்ல. நாங்கள் தை பிறந்ததும் தொடங்குகிறோம், பொங்கல் கழித்து. வேலை நடக்கும் நாட்களில் சமைக்க, பின்கட்டில் ஒற்றை அடுப்பும் ஒரு மேசையும் தண்ணீர்க் குழாயும் தயார் செய்துவிட்டோம். இல்லாவிட்டால் ஓட்டல் சாப்பாட்டுக்கே ஒரு சிம்னி விலை போய்விடும்.

பணத்தை வேலை முடிய முடியக் கொடுங்கள். இடித்து அகற்றியதும் ஒரு பங்கு, குழாயும் கம்பியும் முடிந்ததும் ஒரு பங்கு. காரையை மூடும் முன் குழாயில் அழுத்தம் கொடுத்து ஓர் இரவு விட்டுவையுங்கள், காலையில் ஒவ்வோர் இணைப்பையும் கையால் தொட்டுப் பாருங்கள். அதே நேரத்தில் சுவர் முழுவதையும் அளவுநாடா பிடித்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஆணி அடிக்க வருகிறவருக்கு அந்தப் படம்தான் வழிகாட்டும். கடைசிப் பத்தில் ஒரு பங்கைத் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்துத் திறந்துவிட்டு, அடியில் சொட்டவில்லை என்று பார்த்த பிறகு கொடுங்கள். இதை முதல் நாளே மேஸ்திரியிடம் சொல்லிவிட்டால் அவருக்கும் மனவருத்தம் இருக்காது.

அடுத்த வீடியோவில் சுண்ணாம்புக் காரை கலப்பதைக் காட்டுகிறேன். ஆற்காடு, வாலாஜா, ஆரணிப் பக்கத்தில் அந்த வேலை தெரிந்த மேஸ்திரிகளை அறிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள், சித்தி வீட்டுக்குப் பிறகு இதே தெருவில் இன்னும் இரண்டு வீடுகள் காத்திருக்கின்றன.