பத்து நாள் சுண்டெலியின் வலிப்பு

நான் பேச ஆரம்பிக்கும் முன்பே ஒரு துண்டுச்சீட்டு வந்துவிட்டது. "என் மகனுக்கு ஒன்றரை வயதில் காய்ச்சலோடு வலிப்பு வந்தது. மூளைக்கு ஏதாவது ஆகியிருக்குமா?" அம்மா, ஓரிரு நிமிடத்தில் தானாக நின்றுபோன காய்ச்சல் வலிப்பென்றால் பயம் வேண்டாம். அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். படிப்பில் அவர்கள் யாருக்கும் சளைக்கவில்லை. நான் சொல்ல வந்த சுண்டெலிக் கதை வேறு.

பிறந்து பத்து நாளான குட்டிக்குக் கண் திறந்திருக்காது, காதும் கேட்காது. அதன் மூளை ஏறக்குறைய பச்சிளங்குழந்தையின் பருவத்தில் இருக்கும். வலிப்பு இளமூளையை என்ன செய்கிறது என்று பார்க்க, அதை மூடிய பெட்டியில் விட்டு, வலிப்பை வரவழைக்கும் ஃபுளூரோதைல் என்ற திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். ஆவியை முகர்ந்ததும் கால்கள் நீச்சலடிப்பதுபோல் உதறும். பிறகு உடம்பு விறைக்கும். மூடியைத் திறந்தால் தெளிந்து, தாயிடம் போய்ப் பால் குடிக்கும். இப்படி ஒரே நாளில் பலமுறை, சில நாட்களுக்கு. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும், வலிப்பு வராத குட்டியையும் அதே நேரம் தாயிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும். தாயைப் பிரிவதே மூளையை மாற்றிவிடுமே!

வளர்ந்த எலிக்கு நீண்ட வலிப்பு வந்தால் நினைவுக்கான மூளைப்பகுதியான ஹிப்போகாம்பஸில் செல்கள் சாகும். குட்டியில் பெரும்பாலும் சாவதில்லை. அதனால் இளமூளைக்கு ஆபத்தில்லை என்று ஒருகாலத்தில் நினைத்தார்கள். அவசரப்பட்டுவிட்டார்கள். செல் இருக்கிறது, இணைப்பு மாறிவிடுகிறது. நரம்பிழைகள் போகக்கூடாத இடத்தில் கிளைவிடுகின்றன.

அந்தக் குட்டிகள் வளர்ந்த பிறகு, நினைவாற்றலைச் சோதிக்கத் தண்ணீர்த் தொட்டியில் விடுவார்கள். 1980களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் மோரிஸ் எலிகளுக்காக அமைத்த சோதனை இது. கலங்கிய நீருக்கடியில் ஒரு மேடை ஒளிந்திருக்கும். சிறுவயதில் அடிக்கடி வலிப்பு கண்டவை அதைக் கண்டுபிடிக்கத் திணறுகின்றன. ஆனால் சுண்டெலி சிலசமயம் நீந்தாமல் சும்மா மிதக்கும். மறதியா, சோர்வா, 'எப்படியும் தூக்கிவிடுவார்கள்' என்ற தெளிவா? கடிகாரத்தை மட்டும் பார்த்து மறதி என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை.

சரி, மருந்துக்கு வருவோம். காபா என்ற வேதிப்பொருள் நம் மூளையில் பிரேக் மாதிரி. இளம் நரம்பு செல்லுக்குள் குளோரைடு அதிகம் என்பதால், அங்கே அதே காபா ஆக்சிலரேட்டர் ஆகிவிடலாம். காபாவுக்கு வலுவூட்டும் ஃபீனோபார்பிட்டல் என்ற வலிப்பு மருந்து சில பச்சிளங்குழந்தைகளிடம் எடுபடாததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். சிறுநீர் பிரியக் கொடுக்கும் பழைய மாத்திரை புமெட்டனைடு; அது குளோரைடு செல்லுக்குள் ஏறுவதைத் தடுக்கும். எலிக்குட்டிகளில் பலன் தெரிந்தது. ஐரோப்பாவில் 14 பச்சிளங்குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வலிப்பு அடங்கியதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. பிழைத்த 11 பேரில் 3 பேருக்குச் செவித்திறன் பாதித்திருந்தது. சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். காதைப் பாதிக்கக்கூடிய ஆன்டிபயாட்டிக்கும் அவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு பாஸ்டனில் நடந்த சோதனையில் வலிப்பு ஓரளவு குறைந்தது.

ஆனாலும் அந்த மூன்று பேர் என் மனதை விட்டுப் போகவில்லை. பத்து நாள் குட்டிக்குக் காது கேட்கத் தொடங்கவே இன்னும் இரண்டு நாள் இருக்கிறது; காது கெட்டாலும் அங்கே எப்படித் தெரியும்?