மாமூத் தந்தமும் பிளாஸ்டிக் இழையும்

வணக்கம். ஒரு சின்னச் சிலையைப் பற்றிப் பேசப்போகிறேன். உயரம் 31 சென்டிமீட்டர்தான். பள்ளிக்கூட அளவுகோலைவிடக் கொஞ்சம் பெரிது.

1939 ஆகஸ்ட் கடைசியில், ஜெர்மனியின் ஹோலன்ஸ்டைன்-ஸ்டாடல் குகையில் தந்தத் துண்டுகள் கிடைத்தன. அடுத்த வாரமே இரண்டாம் உலகப் போர் மூண்டது. தோண்டியவர்கள் குழியை மூடிவிட்டுப் போனார்கள். துண்டுகளை எடுத்து ஒட்டிப் பார்க்க 1969 வரை ஆளில்லை. ஒட்டினால், மனித உடம்பு, சிங்க முகம்! வயது சுமார் 40,000 ஆண்டுகள். தந்தம் மாமூத் என்ற பழங்கால யானை இனத்துடையது, முகம் குகைச் சிங்கத்துடையது. இரண்டு இனமும் இன்று இல்லை.

செய்தவர் கையில் இருந்தது கல் கருவி. அதே மாதிரிக் கருவிகளால் இந்தக் காலத்தில் செதுக்கிப் பார்த்தபோது 400 மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. அந்தப் பனியுகத்தில், வேட்டைக்குப் போகவேண்டிய ஓர் ஆளை அத்தனை நேரம் உட்கார வைத்து, அவர் பங்கு இறைச்சியையும் மற்றவர்கள் கொண்டுவந்திருக்க வேண்டும். சும்மா விளையாட்டுக்கா? சிலையின் மேல் தேய்மானம் இருக்கிறது. பல கைகள் மாறி, தடவித் தடவி வந்த தேய்மானம். என்ன சொல்லி வேண்டினார்களோ, அதற்குச் சாட்சி இல்லை. ஆனால் மாடத்தில் அழகுக்கு வைத்த பொருள் இப்படித் தேயாது.

இன்று கண்காட்சிகளில் ஒளியால் செய்த மாமூத் நடந்து வருகிறது. நன்றாகத்தான் இருக்கிறது, பிள்ளைகள் வாய் பிளக்கிறார்கள். எனக்கு ஒரே ஒரு குறை. ஆயிரம் பேர் கை நீட்டினாலும் அது தேயாது.

அதனால் நான் வேறு வழியில் போனேன். முப்பரிமாண அச்சுப்பொறியில் எனக்கென்று ஒரு சிங்க மனிதனை எடுத்தேன். உருகிய பிளாஸ்டிக் இழை, முடியளவு தடிமனில், அடுக்கு மேல் அடுக்காக ஏறியது. ஒரு ராத்திரி முழுக்க ஓடியது. காலையில் விரலால் தடவினால் அடுக்குகள் நெருடின. அப்புறம் அது மேசையிலிருந்து விழுந்தது. எங்கே உடைந்தது தெரியுமா? சரியாக இரண்டு அடுக்குகளுக்கு நடுவில்.

தந்தமும் அடுக்கடுக்காக வளர்வதுதான். குகைச் சிலையும் அந்த அடுக்குகளின் வழியாகவே பிளந்து துண்டுதுண்டானது.

என்னுடையதைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். பேசிக்கொண்டிருக்கும்போது கை தானாக அதைத் தேடிப் போகிறது. நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் வழுவழுப்பாகிவிட்டது.